குறை இல்லாத நாட்கள்: 912

சார், அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்களேன். போதும், போதும். டீ குடிச்சீங்களா? நான் குடிக்கலை. இறங்கினேன், பஸ்ஸுக்குப் பின்னாடி போய் ஒதுங்கிட்டு வந்தேன், ஏறிட்டேன். வழியில நிறுத்துற இந்த மோட்டல் டீயெல்லாம் எனக்கு ஒத்துக்கிறதில்லை.

உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்குதா? பின்னாடி. டக்கு டக்குன்னு. இல்லையா? சரி, விடுங்க.

மதுரை வரைக்குமா? நானும் மதுரைதான். நாளைக்குக் காலையில ஒரு இன்டர்வியூ. பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், வேலை கிடைச்சப்புறம் சொல்றேன். நாற்பத்தாறு வயசுல இன்டர்வியூவுக்குப் போறானே, இதுக்கு முன்னாடி எங்க இருந்தான்னு நீங்க கேட்கணும். கேட்க மாட்டேங்கிறீங்க. நானே சொல்றேன். ஏரோப்ளேன் கம்பெனி.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான். டிக்கெட் வாங்கி வரிசையில நிக்கிற ஏரோப்ளேன் இல்லை. எட்டு பேர் உட்கார்ற ஜெட். அங்க நீங்க நிக்க வேண்டாம், அது உங்களுக்காக நிக்கும். நீலவேணி ஏவியேஷன், மீனம்பாக்கம். ரெண்டு விமானம், முப்பத்தொரு ஆட்கள், ஒரு முதலாளி. அருணகிரின்னு பேர். கிரானைட் குவாரி வச்சிருந்தவர். பூமியைத் தோண்டிச் சம்பாதிச்சதை வானத்துல விடணும்னு ஆசை. நீலவேணி அவருடைய மாமியார். அந்தம்மா ஒரு தடவை கூட ஏறலை. கேட்டா, "எனக்கு மாப்பிள்ளையைத் தெரியும்"னு சொல்லுவாங்களாம்.

நான் விளம்பரப் பிரிவு. பிரிவுன்னா நான் ஒருத்தன்தான். அதுக்கு முன்னாடி குக்கர் கம்பெனி. அங்கேயும் வெடிக்காதுன்னு சொல்லித்தான் வித்தேன், இங்கேயும் விழாதுன்னு சொல்லித்தான் வித்தேன். வேலை ஒண்ணுதான். பணக்காரங்களுக்கு ரெண்டே ரெண்டு பயம் சார். ஒண்ணு வருமான வரி, இன்னொண்ணு மேலேயிருந்து கீழே விழறது. முதல் பயத்துக்கு அவங்ககிட்ட ஆடிட்டர் இருக்கார். ரெண்டாவதுக்கு நான்.

அந்த புரோஷரை நீங்க பார்த்திருக்கணும். வழவழன்னு தாள். அட்டையில ஒரு பைலட், வெள்ளைச் சட்டை, கையில டார்ச், இன்ஜினுக்குள்ள குனிஞ்சு பார்க்கிறார். கீழே ஒரே வரி: "சந்தேகம் என்றால் பறக்க மாட்டோம்." நான் எழுதினது. எங்க பைலட் ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் தொப்பை, இன்னொருத்தர் சிரிச்சாப் பார்க்கிறவன் சீட் பெல்ட்டைத் தேடுவான். அதனால சீரியல்ல நடிக்கிற ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து எடுத்தோம். அருமையா வந்தது.

ஹெப்சிபா மேடம்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். பாதுகாப்பு அதிகாரி. பதினாலு வருஷம் விமானப்படையில இருந்துட்டு வந்தவங்க. நாகர்கோவில் பக்கம். ஒவ்வொரு பேச்சு முடிவுலயும் "கேட்டீங்களா"ன்னு ஒண்ணு போடுவாங்க. கேட்கலைன்னா விட மாட்டாங்க. படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாங்க, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தாங்க.

"ஆவுடையப்பன், இந்தப் பையன் எதுக்கு இன்ஜினோட பின்பக்கத்துல எட்டிப் பார்க்கான்?"

"முன்பக்கம் வெயில் சரியா விழலை மேடம்."

"புகை வர்ற பக்கம் அது, கேட்டீங்களா."

"கஸ்டமருக்குத் தெரியாது மேடம்."

"கஸ்டமருக்குத் தெரியாதுங்கறதாலதானே நமக்குத் தெரிஞ்சிருக்கணும்?"

இப்படித்தான் பேசுவாங்க. நல்ல மனுஷிதான், ஆனா விக்கத் தெரியாதவங்க. இப்பச் சொல்றேன் கேளுங்க, எனக்கும் அவங்களுக்கும் நடுவுல நடந்தது எல்லாமே ஒரு பெட்டியால. ஒரு மஞ்சள் பெட்டி.

அவங்கதான் அதைக் கொண்டுவந்து மாட்டினாங்க. ஹேங்கர்னு சொல்லுவோம், விமானத்தை நிறுத்துற பெரிய கொட்டகை, அதோட வாசல்ல. பக்கத்துல ஒரு கட்டு அட்டை. யார் வேணும்னாலும் எடுத்து, கண்ணுல பட்ட குறையை எழுதி உள்ள போடலாம். அட்டையோட தலையிலேயே அச்சடிச்சிருக்கும்: "பெயர் எழுத வேண்டியதில்லை." சாவி அவங்க கழுத்துல, சிலுவைக்குப் பக்கத்துல.

முதல் மாசம் பதினொரு அட்டை விழுந்தது. கதவு சரியா மூடலை, ஏணியில ஒரு படி ஆடுது, இந்த மாதிரி. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது, பதினொரு குறை? வர்றவன் எவனாவது அந்தப் பெட்டியைப் பார்த்து என்னன்னு கேட்டா?"

நியாயமான கேள்விதானே? ஒரு ஓட்டலுக்குப் போறீங்க, சாம்பார்ல கரப்பான் விழுந்தா இங்கே எழுதிப் போடவும்னு வாசல்லேயே பெட்டி இருந்தா உட்கார்ந்து சாப்பிடுவீங்களா? நான் ஒரு யோசனை சொன்னேன். பரிசு. எந்தப் பிரிவுலேருந்து ஒரு குறையும் வரலையோ, அந்தப் பிரிவுல ஆளுக்கொரு பரிசு. முதல் வருஷம் குக்கர், என் பழைய கம்பெனியில சொல்லி வாங்கினேன். ரெண்டாவது வருஷம் மிக்ஸி. பரிசுன்னு அறிவிச்ச அடுத்த மாசமே அட்டை நின்னுடுச்சு சார்! ஒண்ணு கூட இல்லை. அதுக்கப்புறம் இல்லவே இல்லை. இத்தனை வருஷ அனுபவத்துல நான் செஞ்ச எந்த விளம்பரமும் இவ்வளவு சீக்கிரம் பலன் கொடுத்ததில்லை.

அப்புறம்தான் பலகை. வரவேற்பறையில, சோபாவுக்கு நேர் எதிர்ல, நீலத்துல வெள்ளை எழுத்து. "குறை இல்லாத நாட்கள்." கீழே எண்களை மாத்துற மாதிரி தகடு. தினம் காலையில எட்டரைக்கு நானே போய் மாத்துவேன். நூறு ஆச்சு, கேக் வெட்டினோம். ஐந்நூறு ஆச்சு, முதலாளி பலகைக்கு மாலை போட்டார். ஆயிரம் ஆனா எல்லாருக்கும் கிரைண்டர்னு அறிவிச்சேன்.

அன்னைக்கு மேடம் என் அறைக்கு வந்து நின்னாங்க. உட்காரலை.

"பெட்டி காலியா கிடக்குது."

"அதுதானே மேடம் நமக்கு வேணும்?"

"ரெண்டு விமானம் தினம் ஏறி இறங்குது. முப்பத்தொரு பேரு சுத்தி நிக்கான். எவன் கண்ணுலயும் ஒண்ணும் படலைன்னு சொல்லுறீங்களா? பட்டிருக்கும். வாயை மூடிக்கிட்டான். நீங்க குக்கர் கொடுத்து மூட வச்சீங்க, கேட்டீங்களா."

பொறாமை சார். அவங்க பெட்டியை யாரும் மதிக்கலை, என் பலகையை எல்லாரும் நின்னு பார்த்துட்டுப் போறாங்க. மனுஷ சுபாவம்தானே, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை.

இப்பக் கேட்டுதா? அந்த மேட்டுல ஏறினப்போ? கேட்டிருக்கும். விடுங்க, பழைய பஸ்.

எங்கே விட்டேன்? ஆங், வெள்ளைக்காரர். வெளிநாட்டுல ஒரு நிறுவனம் இருக்கு, அவங்க ஆள் அனுப்பி நம்ம கம்பெனியைப் பார்ப்பாங்க, எல்லாம் ஒழுங்கா இருந்தா நட்சத்திரம் கொடுப்பாங்க. அந்த நட்சத்திரம் புரோஷர்ல இருந்தாத்தான் பெரிய கம்பெனிக்காரங்க கையெழுத்துப் போடுவாங்க. ஒரு சிமென்ட் கம்பெனி சேர்மன், வைத்திலிங்கம்னு, வருஷம் பூரா நம்ம விமானத்தையே எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டார். நட்சத்திரம் வரட்டும், கையெழுத்துப் போடறேன்னார். அதனால வெள்ளைக்காரரை வரவழைச்சோம். தாடி வச்ச ஐரிஷ்காரர். சந்தன மாலை போட்டோம், தும்மினார்.

நேரா பலகைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனேன். 912. நான் அப்படியே பக்கத்துல கையைக் கட்டிட்டு நிக்கறேன், பாராட்டுவார்னு. அந்த மனுஷன் பலகையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், திரும்பவும் பலகையைப் பார்க்கிறார். "இந்தத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நாள்ல வந்த அறிக்கைகளைப் பார்க்கலாமா?"ன்னார். இல்லை சார், ஒண்ணுமே வரலை, அதுதான் சார் இந்தப் பலகைன்னேன். அவர் தாடியைத் தடவினார். "அப்படின்னா இங்க வேலை பார்க்கிறவங்களுக்குக் கண் இல்லாம இருக்கணும், இல்லேன்னா வாய் இல்லாம இருக்கணும். மூணு வாரம் கழிச்சு வர்றேன்"னு சொல்லிட்டு, காபி கூடக் குடிக்காமப் போயிட்டார்.

எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு பள்ளிக்கூடத்துல எல்லாப் பையனும் பாஸ்னா சந்தேகப்படுவாங்களா? அட, படுவாங்கங்கறீங்களா? நீங்க வாத்தியாரா? அதானே பார்த்தேன்.

முதலாளி என்னை நிக்க வச்சுக் கேட்டார். "பலகை யாருடையது?"

"நம்ம கம்பெனிது சார்."

"உன்னுது. நட்சத்திரம் வரலைன்னா சிமென்ட்டுக்காரன் வர மாட்டான். சிமென்ட்டுக்காரன் வரலைன்னா நீயும் வராதே."

அவ்வளவுதான் பேச்சு. என் நிலைமையில நீங்க இருந்தா என்ன செய்வீங்க? குறை வேணும்னு கேட்கறாங்க. குறையைத் தயார் பண்ண வேண்டியதுதான். ஒரு கட்டு அட்டையை எடுத்துப் பைக்குள்ள போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயித்துக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுட்டு நானும் என் வீட்டுக்காரியும் தரையில உட்கார்ந்தோம். நாலு நிறத்துல பேனா. நான் வலது கையில பத்து, இடது கையில பத்து. அவ மூணு விதமா எழுதுவா, சாய்ச்சு, நிமிர்த்தி, அப்புறம் கோழி கிளறின மாதிரி. சாயங்காலத்துக்குள்ள நாற்பத்தொண்ணு முடிச்சோம். டீ அதிகச் சூடாக இருக்கிறது. வரவேற்பறைத் தரை வழுக்குகிறது. காவலாளியின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. கழிவறைத் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்கிறது. இது அவ யோசிச்சது, ரொம்ப இயல்பா இருந்தது.

எல்லாத்தையும் அடுக்கிட்டு அவ சொன்னா, "ஏங்க, இது ஏரோப்ளேன் கம்பெனியா, கல்யாண மண்டபமா? ஏரோப்ளேனைப் பத்தி ஒண்ணு கூட இல்லையே."

சரியாத்தான் சொன்னா. அவசரத்துல நான் ஒரு அட்டை எழுதினேன். நாற்பத்திரண்டாவது. "இரண்டாம் நம்பர் விமானம், இடது பக்கச் சக்கரத்தின் அருகே எண்ணெய் கசிவது போல் தெரிகிறது." சும்மா, கற்பனைதான் சார். எனக்கு எண்ணெயைப் பத்தி என்ன தெரியும்? தினம் காலையில ஹேங்கர் வழியாத்தான் பலகைக்குப் போவேன், அப்போ ரெண்டாம் நம்பருக்குக் கீழே இடது பக்கம் ஒரு காலி பெயின்ட் டப்பா வச்சிருப்பாங்க. அது ஞாபகம் வந்தது, எழுதிட்டேன்.

திங்கட்கிழமை யாரும் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பெட்டிக்குள்ள திணிச்சேன். பதினோரு மணிக்கு மேடம் என் அறைக்கு ஓடி வர்றாங்க. ஓடி சார். ஐம்பத்திரண்டு வயசு. மார்போட அணைச்ச மாதிரி அந்த அட்டைகள்.

"ஆவுடையப்பன், பேசிட்டானுவ! எல்லாரும் வாயைத் திறந்துட்டானுவ!"

கண்ணெல்லாம் தளும்புது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "ரொம்ப சந்தோஷம் மேடம்"னேன். வேற என்ன சொல்றது?

அதோட அட்டைகளைப் பைல்ல போட்டு மூடியிருக்கலாம். வெள்ளைக்காரர் வந்தா எடுத்துக் காட்டியிருக்கலாம். அவங்க அப்படிச் செய்யலை. ஒவ்வொண்ணா எடுத்துச் சரிபார்க்க ஆரம்பிச்சாங்க! டீயில தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தாங்க. வரவேற்பறைத் தரையில விதவிதமான செருப்பு போட்டு நடந்து பார்த்தாங்க. காவலாளி நாற்காலியைத் தலைகீழாக் கவுத்து நாலு காலையும் அளந்தாங்க. பாவம் அந்த ஆளு, மூணு நாள் நின்னுகிட்டே காவல் காத்தார். ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதிச் சுவத்துல ஒட்டினாங்க. "டீ குறித்து எழுதிய நண்பருக்கு நன்றி." நண்பர் யாரு, என் பொண்டாட்டி.

டீ, நாற்காலியெல்லாம் ஏரோப்ளேன் குறை இல்லைன்னு சொல்லி நான் பலகையில எண்ணை ஏத்திக்கிட்டேதான் இருந்தேன். வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளைக்காரர் வரணும். இந்த வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு வைத்திலிங்கம் குடும்பம், ஒரு நடைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, ஷீரடிக்குக் கிளம்பணும். ஒண்ணாம் நம்பர் விமானம் பெங்களூர்ல. ரெண்டாம் நம்பர்தான், அதுவும் ஞாயித்துக்கிழமையிலேருந்து வெளியூர்ல இருந்துட்டு அன்னைக்கு விடியக்காலைதான் வந்து நின்னது. எட்டு பேர் வந்துட்டாங்க. அவர், அவர் மனைவி, மகன், மருமகள், மத்தவங்க. ஒரு பேத்தி, நாலு வயசு இருக்கும். அந்தக் குழந்தையோட ஷூ நடந்தா லைட் எரியும். சோபாவைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருந்தது. ஏன் அதைச் சொல்றேன்னு தெரியலை. ஞாபகத்துல இருக்கு.

பத்து ஆகப் பத்து நிமிஷம். முதலாளி என்னைக் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போறார். முகம் கருத்துப் போயிருக்கு.

"உங்க மேடம் விமானத்தை விட மாட்டேங்குது."

"ஏன் சார்?"

"ஏதோ அட்டையாம். எண்ணெயாம். எவனோ எழுதிப் போட்டிருக்கானாம்."

என்னோட நாற்பத்திரண்டாவது! வரவேற்பறையில வைத்திலிங்கம் கத்த ஆரம்பிச்சுட்டார். "சாயங்காலம் தரிசன நேரம் வாங்கி வச்சிருக்கேன்யா! எண்ணெயாவது, நெய்யாவது!" அவர் மனைவி என் புரோஷரை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, எழுத்துக் கூட்டின மாதிரி நிதானமாப் படிக்கிறாங்க. "சந்தேகம் என்றால் பறக்க மாட்டோம். இங்க போட்டிருக்கேங்க. சொல்லித்தானே இருக்காங்க?" பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கக் கூடாதான்னு இருந்தது. நான் எழுதினதை நம்பின ஒரே கஸ்டமர் அந்தம்மாதான் சார், அதுவும் அந்த நேரம் பார்த்து.

ஹேங்கருக்கு ஓடினேன். மேடம் விமானத்துக்குப் பக்கத்துல அட்டையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாங்க. கூடவே மெக்கானிக் தாவூத் பாய். இருபது வருஷ அனுபவஸ்தர், தங்கமான மனுஷன்.

"மேடம், ஒரு நிமிஷம். அந்த அட்டையை எழுதினவன் சும்மா எழுதியிருக்கலாம்."

"எழுதினது யாருன்னு நான் தேட மாட்டேன். அந்தப் பெட்டிக்கு அதுதான் மரியாதை."

"பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தா ஒரு மணி நேரம் போவும். பாத்துட்டு விட்டுருவோம்."

"ஒரு மணி நேரம் அவர் உட்கார மாட்டார் மேடம். எழுந்து போயிடுவார். கம்பெனியே போயிடும்."

"போகட்டு."

அங்கேதான் நான் அந்தத் தப்பைப் பண்ணினேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. பேசாம நின்னிருந்தா, எவனோ எழுதினான்னு போயிருக்கும். ஆனா ரெண்டாயிரம் அடி உயரத்துக்கு மேல இருந்து பார்க்கிற மாதிரி எனக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சது: அட்டை பொய், அது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொன்னா விமானம் கிளம்பும். கம்பெனிக்காகச் சொன்னேன் சார்.

"அது நான் எழுதினது மேடம். எல்லாமே நான்தான். நாற்பத்திரண்டும். வெள்ளைக்காரருக்குக் காட்டறதுக்காக."

அவங்க முகத்தைப் பார்க்க முடியலை. திட்டியிருந்தாத் தேவலை. கையில இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாங்க.

"டீயும் நீங்கதானா?"

"அது என் வீட்டுக்காரி மேடம்."

தலையை ஆட்டினாங்க. அப்புறம் கேட்டாங்க, மெதுவா. "இடது பக்கம்னு எழுதியிருக்கீங்க. ஏன் இடது?"

"சும்மா மேடம். அந்த டப்பா இருக்குமே, அதைப் பார்த்த ஞாபகம்."

"எந்த டப்பா?"

"பெயின்ட் டப்பா. தினமும் அங்க இருக்குமே."

அவங்க என்னை விட்டுட்டுத் தாவூத் பாய் பக்கம் திரும்பினாங்க. அவர் தன் செருப்பைப் பார்க்கிறார்.

"பாய், என்ன டப்பா?"

அவர் கைத்துணியை மடிக்கிறார்.

"பாய்."

"ரெண்டு மாசமா மேடம்," அப்படின்னார். "சொட்டுச் சொட்டாத்தான். பிரேக்குக்கு எண்ணெய் போற குழாய். புதுசு வரணும்னு எழுதிப் போட்டா பெட்டியில ஒண்ணு ஆயிடும். எங்க பிரிவுல பதினோரு பேரு. ஆயிரம் நாளுக்கு இன்னும் அறுபத்தேழு நாள்தான் இருக்குன்னு பசங்க தினம் எண்ணிக்கிட்டிருக்கானுங்க. கிரைண்டர் மேடம். நான் ஒருத்தன் எழுதி எல்லாரோட வாயிலயும் மண்ணைப் போட முடியுமா? அதனால காலையில துடைச்சு விட்டுடுவேன். நானே கண்ணு வச்சுப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கழட்டினாங்க. குழாய் ஒரு இடத்துல உரசி உரசி, மேல்தோல் போய், உள்ள இழை இழையாத் தெரியுது. இறங்கும்போது பிரேக்கை மிதிச்சா அது பிஞ்சிருக்குமாம். ஒரு பக்கச் சக்கரம் நிக்கும், இன்னொரு பக்கம் ஓடும். விமானம் பாதையை விட்டுப் போகும். அப்படின்னு அவங்க சொல்றாங்க. எனக்கென்னவோ அப்படியெல்லாம் ஆகியிருக்காதுன்னுதான் தோணுது. ரெண்டு மாசம் ஓடினது இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடாதா?

வைத்திலிங்கம் எழுந்து போயிட்டார். ஷூ லைட் எரிய எரிய அந்தக் குழந்தை வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போனது. மறுநாள் வெள்ளைக்காரர் வந்தார். மேடம் அவர்கிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாங்க. குக்கர், மிக்ஸி, பலகை, நாற்பத்தொரு பொய், ஒரு நிஜம். அவர் அந்த நாற்பத்திரண்டாவது அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாராம். நட்சத்திரம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? "பொய் எழுதினே, சரி. அதுக்கு நான் கோபப்படலை. எழுதினது நான்தான்னு எதுக்குய்யா வாயைத் திறந்தே?" அந்த மனுஷனுக்குத் தொழில் தெரியும் சார். நியாயமான கேள்வி. பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

இதுல பெரிய அவமானம் என்னன்னா, ஹெப்சிபா மேடம் முதலாளிகிட்ட போய் எனக்காகச் சண்டை போட்டிருக்காங்க. "அந்த அட்டையை எழுதின ஆளை வேலையை விட்டு எடுத்தா, நாளைக்கு எவன் எழுதுவான்? அந்தாள்தான் இங்க கண்ணைத் திறந்துக்கிட்டு நடந்த ஒரே ஆளு, அது அந்தாளுக்கே தெரியலை, கேட்டீங்களா"ன்னு. கிண்டல் பாருங்க. ஏழு வருஷம் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவனை, ஒரு பெயின்ட் டப்பாவைப் பார்த்ததுக்காக வச்சுக்கச் சொல்றாங்க. போன வாரம் வாட்ஸப்ல ஒரு படம் அனுப்பியிருந்தாங்க. இருங்க, காட்டறேன். இதோ. அந்தக் குழாய்தான், நீளவாக்குல வெட்டி எடுத்தது. இங்க பாருங்க, இந்த இடத்துல. முடி மாதிரி ஒரு இழை. அதுலதான் ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. கீழே ஒண்ணும் எழுதலை. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அழிச்சுடலாம்னு ரெண்டு மூணு தடவை எடுத்தேன். அழிக்கலை.

பலகையைக் கழட்டிட்டாங்களாம். தாவூத் பாய் போன்ல சொன்னார். இப்ப மாசம் இருபது, இருபத்தஞ்சு அட்டை விழுதாம். பாருங்க, நான் வெளிய வந்த ரெண்டே மாசத்துல நிலைமை எவ்வளவு மோசமாயிடுச்சுன்னு.

ஆஸ்பத்திரியிலயும் இதே மாதிரிதான் ஏதோ பெட்டி வைக்கப் போறாங்களாம். நோயாளி பாதுகாப்புன்னு. என்கிட்ட யோசனை தயாரா இருக்கு. வாசல்ல, மருந்து வாங்கற இடத்துக்கு நேர் எதிர்ல ஒரு பெரிய பலகை. "தவறு நடக்காத நாட்கள்." நர்சுகளுக்கு மிக்ஸி.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க?

இப்ப நல்லாக் கேட்டிருக்கும். ஆமா, அதேதான். நீங்க பின்னாடி திரும்பிப் பார்க்க வேண்டாம், இங்கிருந்து தெரியாது. ஒண்ணுமில்லை சார், சக்கரம். மோட்டல்ல ஒதுங்கப் போனேன்னு சொன்னேனே, அப்போ பார்த்தேன். பின்சக்கரம். பத்து நட்டு இருக்கணும், ஏழுதான் இருந்தது. அதுல ஒண்ணைக் கையால தொட்டுப் பார்த்தேன், சுத்துது.

யார்கிட்ட சொல்றது? டிரைவர் அப்பத்தான் பரோட்டாவுல கையை வச்சார். நான் போய் நட்டுன்னு ஆரம்பிச்சா, நீ என்ன மெக்கானிக்கான்னு கேட்பார். மெக்கானிக்கா நான்? விளம்பரப் பிரிவு. போன தடவை வாயைத் திறந்ததுக்கு என்ன ஆச்சுன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வர்றேன். இந்த மூணு மணி நேரம் ஓடினது மதுரை வரைக்கும் ஓடாதா?

சார். சார், எங்க எழுந்திருச்சுட்டீங்க? ஓடுற பஸ்ல விழப்போறீங்க, கம்பியைப் பிடிச்சுக்குங்க. திட்டுவார் சார். எல்லாரும் நம்மளைத்தான் பார்ப்பாங்க. உட்காருங்க, எனக்கு நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இன்டர்வியூ.

சரி, போறதுன்னா போங்க. ஆனா யார் சொன்னாங்கன்னு கேட்டா, பின்சீட்ல யாரோன்னு மட்டும் சொல்லுங்க. என் பேர் வேண்டாம்.

சார்! இடது பக்கம். மாத்திச் சொல்லிடாதீங்க. பின்சக்கரம், இடது பக்கம்.